ஜாக்கியை நம்பிப் படுத்த காலை

2021ஆம் வருஷம், தீபாவளி முடிந்து நாலாம் நாள். இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டு, நன்றாக வெயில் அடித்தது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். வீட்டு வாசலில் ஆம்னி வேனின் இடது பின்பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். இடது பின்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடக் கடக்கென்று அடித்துக்கொண்டிருந்த ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள் புஷ்ஷை, அதாவது பட்டையை வண்டியோடு சேர்க்கிற இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை, மாற்ற வேண்டும். புது புஷ் முந்தின நாளே மன்னார்குடியில் வாங்கியிருந்தேன். அரை மணி நேர வேலை.

போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் படக்கென்று ஒரு சத்தம். போல்ட்தான் விட்டது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வண்டி என் நெஞ்சின் மேல் இருந்தது.

முதலில் வலி தெரியவில்லை, மூச்சு போனதுதான் தெரிந்தது. வெளியே போன மூச்சைத் திரும்ப இழுக்க நெஞ்சு விரிய வேண்டும். அதற்கு இடம் இல்லை. மூக்குக்கு முன்னால் காற்று இருக்கிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது. 'அம்மா' என்று கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அன்றுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது என்னவென்றால், ஏதாவது ஆனால் கத்தலாம், நாலு வீடு தள்ளி இருப்பவருக்குக்கூடக் கேட்கும், ஓடி வருவார்கள் என்பதுதான். வீட்டில் வண்டி வேலை பார்க்கிற எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். கத்துவதற்கும் காற்று வேண்டும் என்பது அடியில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மனைவி பிள்ளைகளோடு தீபாவளிக்குத் தாய்வீடு போனவர் இன்னும் திரும்பவில்லை. அம்மா கொல்லைப் பக்கம் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் வண்டி விழுந்ததே அவர் காதில் விழவில்லை. என் வலது கை மட்டும் வெளியே நீட்டிய நிலையில் இருந்தது, கையில் ஸ்பேனரும் இருந்தது. அதால் தரையில் கிடந்த வீல் கேப்பைத் தட்டினேன். எத்தனை முறை தட்டினேன், எவ்வளவு நேரம் தட்டினேன் என்று தெரியாது.

டிவிஎஸ் வண்டியில் மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். "மீன் வேணுமா தம்பி" என்று கேட்டிருக்கிறார். கால் இரண்டும் வெளியே தெரிகிறது, பதில் வரவில்லை, தட்டுகிற சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. குனிந்து பார்த்தவர் போட்ட கூச்சல் எனக்கும் கேட்டது. வீட்டுக்கு எதிரே சம்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்கள். ஏழு பேர். அவர்களோடு வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர். இளவயதில் லாரியில் கிளீனராகப் போனவர். என் காலைப் பிடித்து இழுக்கப் போனவர்களை அவர்தான் தடுத்தார். "யாரும் இழுக்காதீங்க. முதல்ல தூக்குங்க. தூக்கிக் கட்டையை வச்சப்புறம்தான் இழுக்கணும்" என்றார். விறகு பிளக்கப் போட்டிருந்த புளியங்கட்டையைத் தூக்கி வந்து தயாராக நின்றுகொண்டார். பெண்கள் வண்டியின் இடது பக்கத்தைப் பிடித்து ஒரு சாண் தூக்கினார்கள். அவர் கட்டையை உள்ளே தள்ளினார். அதற்கப்புறம்தான் என்னை இழுத்தார்கள்.

இழுத்த அடுத்த நொடி உள்ளே போன மூச்சை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

108 வந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது, நுரையீரலில் கன்றல். கண்ணாடியில் பார்த்தால் கண்ணின் வெள்ளையெல்லாம் ரத்தச் சிவப்பு, முகத்தில் செம்புள்ளிகள். நெஞ்சு நசுங்கும்போது ரத்தம் மேலே தள்ளப்படும், அந்த அழுத்தத்தில் முகத்திலும் கண்ணிலும் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் வெடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். "பெரிய காயம் ஒன்றும் வேண்டாம். நெஞ்சு விரியாமல் சில நிமிஷம் கிடந்தாலே போதும், ஆள் போய்விடுவார்" என்றார். உடைந்த விலா நுரையீரலைக் குத்தியிருந்தால் காற்றுக் கசிவு சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரலாம் என்பதால் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. இப்படி ஒருவர் மாட்டி, வெளியே வந்ததும் "ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்று எழுந்து உட்கார்ந்தாலும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது வண்டி அதே இடத்தில், அதே புளியங்கட்டையின் மேல் சாய்ந்து நின்றது. யாரையும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று பொறுமையாகப் பார்த்தேன். தப்பு ஒன்று இல்லை, பல.

நான் போட்டிருந்தது பாட்டில் வடிவ ஹைட்ராலிக் ஜாக்கி. அந்தப் பாட்டில் ஜாக்கிக்கு அடியில், வாசலில் கிடந்த கடப்பாக் கல் ஒன்றைப் போட்டிருந்தேன். ஒரு அங்குலக் கனம் இருக்கும். அது நடுவில் இரண்டாக உடைந்து, ஒரு பாதி களிமண்ணுக்குள் செருகிக் கிடந்தது. படக்கென்று கேட்டது அந்தச் சத்தம்தான். ஜாக்கி சாய்ந்து ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காக எங்கள் வாசல் தெருப்பக்கம் லேசாகச் சரிவாக இருக்கும். வண்டி அந்தச் சரிவில் ஒரு சாண் முன்னால் நகர்ந்திருந்தது. முன்சக்கரத்துக்கு நான் கட்டை வைக்கவில்லை. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்டு என்று ஒன்று என்னிடம் கிடையவே கிடையாது. இத்தனைக்கும் நடுவில் நான் ஏன் உயிரோடு இருக்கிறேன் என்றால், கழற்றிய சக்கரம் வழியில் கிடக்க வேண்டாமே என்று அதை வண்டிக்கு அடியில் படுக்கை வாட்டில் தள்ளிவிட்டிருந்தேன். பாதுகாப்புக்கு என்று யோசித்து வைத்ததே இல்லை. வண்டியின் ஓரச் சட்டம் வந்து அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அது இல்லாவிட்டால் இன்னும் அரை அடி இறங்கியிருக்கும்.

எங்கள் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜாக்கி, ஸ்டாண்டு பற்றிப் பேசுகிற வீடியோ எதைப் பார்த்தாலும் சிமெண்டுத் தரை, மூடிய ஷெட். டெல்டாவில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? இந்தப் பக்கம் களிமண். மழைக்காலத்தில் மேலே வெயில் காய்ந்து கெட்டியாகத் தெரியும், காலால் தட்டினால் உறுதியாக இருக்கும். இரண்டு விரற்கடைக்குக் கீழே அப்படியே சேறு. சித்திரையில் வேறு மாதிரி. வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும், வெடிப்பின் ஓரத்தில் எடையை வைத்தால் அந்தப் பாளமே பெயர்ந்துவிடும். ஆற்றோரப் படுகை ஊர்களில் மணல் மண், அங்கே ஜாக்கியின் அடி பக்கவாட்டில் நழுவும். ஆக, எந்த மாதமானாலும் வெறும் மண்ணில் ஜாக்கி போடக் கூடாது.

வயல் சேற்றைப் பலகையால் சமன் செய்கிற பரம்பு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் விளங்கும். அதே சேற்றில் ஆள் காலை வைத்தால் முழங்கால் வரை போகிறது. பரம்புப் பலகையின் மேல் ஏறி நின்றால் அமுங்குவதில்லை. எடை அதேதான், பரவுகிற இடம்தான் பெரிது. பாட்டில் ஜாக்கியின் அடிப்பாகம் சுமார் நாலுக்கு நாலு அங்குலம், அதாவது 16 சதுர அங்குலம். ஒரு அடிக்கு ஒரு அடி பலகை போட்டால் 144 சதுர அங்குலம். மண்ணின் மேல் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் பலகை வளையாமலும் உடையாமலும் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். மெல்லிய கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. அடியில் மண் ஒரு இடத்தில் இளகினால் கல் வளைந்து கொடுக்காது, ஒரேயடியாகத் தெறிக்கும். இரண்டு அங்குலக் கனத்துக்குக் குறையாத கெட்டி மரப்பலகை வேண்டும். நான் கருவேலம் அறுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் மாட்டு வண்டி செய்த மரம் அது. தென்னந்துண்டு வீட்டுக்கு வீடு கிடைக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். ஓரம்தான் வைரம், நடுவில் சோறு, நனைந்தால் நசுங்கிவிடும்.

அடுத்து ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். இதைப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டிருந்தேன். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கிற எண்ணெய். அந்த எண்ணெயைத் தடுத்து வைப்பது ஒரு ரப்பர் சீல். சீல் தேய்ந்தாலும், வால்வில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் எண்ணெய் கசியும், வண்டி மெதுவாக இறங்கும். சீல் கிழிந்தால் மெதுவாக இறங்காது, விழும். வண்டியோடு தருகிற, கத்தரி மாதிரி விரிகிற ஸ்க்ரூ ஜாக்கியில் எண்ணெய் இல்லை. ஆனால் அதன் அடியும் தலையும் சின்னது, உயரம் அதிகம். பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் சாய்ந்துவிடும். சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்கு என்று செய்தது அது. அதை வைத்து வண்டிக்கு அடியில் கை நீட்டுவதுகூடத் தப்பு.

தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஜோடியாக விற்கிறார்கள். 3 டன் அளவு ஜோடி, கார், வேனுக்குப் போதும். பல் வைத்தது, பின் சொருகுவது என்று இரண்டு வகை. பல் வைத்ததில் கொண்டி முழுதாகப் பல்லில் விழுந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பின் வகையில் பின் மறுபக்கம் வரை வந்திருக்க வேண்டும். ஸ்டாண்டின் கால்களும் மண்ணில் இறங்கும் என்பதால் அதற்கும் பலகை. வண்டியை ஸ்டாண்டின் மேல் முழுதாக இறக்கிவிட்டு, ஜாக்கியை எடுத்துவிடாமல், லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி அங்கேயே விட்டுவைக்கிறேன். கழற்றிய சக்கரத்தை ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைக்கிறேன், இப்போது வேண்டுமென்றே. சக்கரம் கழற்றாத வேலையென்றால் ஸ்டெப்னியை வைக்கிறேன். ஒன்று கைவிட்டால் இன்னொன்று, அதுவும் கைவிட்டால் மூன்றாவது என்று இருக்க வேண்டும்.

ஸ்டாண்டு வாங்கக் காசு இல்லையென்றால் கெட்டி மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கீழே அகலமாக அடுக்கலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. எங்கள் பக்கம் பாதிப் பேர் வைப்பது அதைத்தான், ஒரு காலத்தில் நானும் வைத்திருக்கிறேன். சுவரில் கட்டினால் எடை பரவலாக இறங்குகிறது, அதனால் தாங்குகிறது. வண்டியின் சட்டம் ஒரு முனையில் அழுத்தும்போது அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மரம் உடைவதற்கு முன் முனகும், நசுங்கும், ஏதோ நடக்கப் போகிறது என்று காட்டும்.

என் தாத்தா மாட்டு வண்டிக்கு மசை போடுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த மசை. கடையாணியைக் கழற்றும் முன் மாட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவார். மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். அச்சுக்கு அடியில் கவட்டை போட்ட கட்டையை நிறுத்தி, இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் சக்கரத்தை உருவுவார். பாரம் ஏற்றாத மரவண்டி அது, என் வேனின் எடைக்குப் பக்கத்தில்கூட வராது. அவர் செய்த ஒன்றைக்கூட நான் 800 கிலோ வேனுக்குச் செய்யவில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற 40 கிலோ சிப்பத்தில், அதாவது மூட்டையில், கணக்குப் போட்டால் 20 சிப்பம். ஒரு மூலையில் மட்டும் 5 சிப்பம் எடை வருகிறது. ஐந்து சிப்பத்தை யாராவது நெஞ்சில் ஏற்றச் சம்மதிப்பார்களா?

சக்கரத்துக்குக் கட்டை வைப்பதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டுவிட்டால் வண்டி நகராது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் அது பிடிப்பது அந்தரத்தில் நிற்கிற சக்கரத்தை. ஆம்னி, டாடா ஏஸ், பொலிரோ மாதிரி பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டிகளில் கியரும் பின்சக்கரத்துக்குத்தான் போகிறது. அதில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது. அந்தரத்தில் இருக்கிற சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிறது மறுபக்கம் உருள, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இடம் கொடுத்துவிடும். முன்சக்கரத்தில் இழுக்கிற கார்களில் முன்பக்கம் தூக்கினால் கியர் உதவாது, பின்பக்கம் தூக்கினால் ஹேண்ட் பிரேக் உதவாது. எந்த வண்டியானாலும் சரி, தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவக் கட்டை வைத்தாக வேண்டும். என் வேனில் தரையில் இருந்த வலது பின்சக்கரத்தின் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்து போயிருந்தது. அது எனக்கு மாதக்கணக்கில் தெரிந்த விஷயம்.

ஜாக்கி வைக்கிற இடமும் முக்கியம். நான் வாங்குவதற்கு முன் அந்த வேன் வேதாரண்யம் பக்கம் ஓடியது. கடற்காற்றும் உப்பும் ஓரச் சட்டத்தை உள்ளிருந்தே தின்றிருந்தன. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். அப்படிப்பட்ட இடத்தில் ஜாக்கியை வைத்தால் தகடு கிழிந்து ஜாக்கி மேலே ஏறும், வண்டி கீழே வரும். நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடி என்று கடலோரம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். என்ஜின் ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், தரைத் தகடு இவற்றுக்கு அடியில் எந்த வண்டியிலும் வைக்கக் கூடாது. வண்டியோடு வருகிற புத்தகத்தில் ஜாக்கி வைக்கும் இடம் படம் போட்டே காட்டியிருக்கும்.

துருப்பிடித்த போல்ட்டை அடியில் படுத்துக்கொண்டு இழுத்ததுதான் கடைசித் தள்ளு. அதை முந்தின ராத்திரியே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, காலையில் வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதே ஒரு சுற்று விட்டு வைத்திருக்கலாம். வீல் நட்டையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். பலம் கொடுத்து இழுக்கிற வேலை எதுவானாலும் தூக்குவதற்கு முன். தூக்கி ஸ்டாண்டில் இறக்கியபிறகு, வெளியே நின்றுகொண்டு, பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நன்றாக உலுக்கிப் பார்க்கிறேன். விழுவதானால் அப்போதே விழட்டும். உலுக்கிய பிறகும் ஸ்டாண்டின் காலடியைக் குனிந்து பார்த்து, பலகை ஒரு பக்கம் இறங்கியிருந்தால் மறுபடி முதலிலிருந்து.

வீட்டில் யாரும் இல்லாதபோது அடியில் போவதில்லை. அம்மாவோ மனைவியோ வாசலில் உட்கார வேண்டும் என்று இல்லை. ஆனால் நான் உள்ளே போகிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை குரல் கொடுக்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லையென்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையில். பிள்ளைகள் உள்ளே ஏறிக் கியரைத் தட்டிவிட்டால், கதவை அடித்துச் சாத்தினால், அடியில் இருப்பவன் கதி என்ன? அதனால் கதவு நாலும் பூட்டியிருக்கும். மொபைல் என் தலைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கண்ணாடி போடாமல் மேலே பார்த்துத் தட்டினால் துருத்தூள் நேராகக் கண்ணில் விழும். ஈர மண்ணில் படுத்துக்கொண்டு கரண்ட் ஒயர் இழுத்த பல்பைப் பிடிக்கக் கூடாது, தலையில் மாட்டுகிற பேட்டரி லைட் மலிவாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேட்டைத் தேடி வரும், படுப்பதற்கு முன் லைட் அடித்து ஒரு பார்வை. அடியில் ஆள் இருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால் வெளியே நின்று, திறந்த இடத்தில். குழி வெட்டி மேலே வண்டியை நிறுத்தலாமே என்று ஒருவர் கேட்டார். நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கிற எங்கள் ஊரில் ஐப்பசியில் அந்தக் குழி கிணறாகிவிடும். கோடையிலும் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் குழிக்குள்தான் தங்கும். அதற்குப் பதில் மறு வருஷம் வாசலில் கம்பி கட்டிக் கான்கிரீட் தளம் போட்டேன், சரிவு இல்லாமல்.

வேனைவிட எனக்கு இப்போது பயம் தருவது ரொட்டவேட்டர், டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சுழல் கலப்பை. நடவுக் காலத்தில் பாருங்கள், வைக்கோலோ கயிறோ பிளேடில் சுற்றிக்கொள்ளும். டிராக்டரை அணைக்காமல், ஹைட்ராலிக்கில் ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஆள் அடியில் புகுந்து அரிவாளால் அறுப்பார். அங்கேயும் தூக்கிப் பிடித்திருப்பது அதே எண்ணெயும் சீலும்தான். யாராவது லிவரைத் தொட்டாலே இறங்கிவிடும். என்ஜினை அணைத்து, ரொட்டவேட்டரைச் சுற்ற வைக்கிற பிடிஓவை நியூட்ரலில் போட்டு, சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கெட்டிக் கட்டை வைத்து அதன் மேல் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டிப்பர் டிரெய்லரின் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் கிரீஸ் அடிப்பவர்களுக்கும் இதே கதைதான். முட்டுக் கொடுக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். வேலை நேரம் போகிறது, மழை வரப்போகிறது, அடுத்த வயல்காரர் காத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஐந்து நிமிஷம்தான் கூட ஆகும்.

யாராவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் 108க்கு அழைக்கட்டும். இன்னொரு ஜாக்கி இருந்தால் அதைக் கெட்டியான இடத்தில் பலகை போட்டு வைத்துத் தூக்குங்கள். இல்லையென்றால் ஆட்களாகச் சேர்ந்து ஒரே பக்கத்தைத் தூக்குங்கள். மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். தூக்கியதும் கட்டை, கட்டைக்கு அப்புறம்தான் ஆள். நெஞ்சு மாட்டியிருந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. கை காலில் மட்டும் மாட்டி நெடுநேரம் நசுங்கிக் கிடந்திருந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. விடுவித்ததும் நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தக்கூடும். எவ்வளவு நேரமாக மாட்டியிருக்கிறார் என்பதை அழைக்கும்போதே 108க்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

போன வாரம் என் மச்சான் திருத்துறைப்பூண்டியிலிருந்து போன் செய்தான். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான், ஆயிலை வீட்டிலேயே மாற்றப் போகிறானாம். "ஆயில் மாத்தத்தானே மாமா, இதுக்கு எதுக்கு ஸ்டாண்டு" என்றான். நான் ஒன்றும் வாதம் செய்யவில்லை. என் ஸ்டாண்டு ஜோடியையும், நாலு வேலம் பலகையையும், இரண்டு ஆப்புக் கட்டையையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் அவன் வீட்டில் இறக்கினேன். தொட்டுப் பார் என்று என் இடது விலாவில் எலும்பு புடைத்துக் கூடியிருக்கிற இடத்தில் அவன் விரலை வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பினான். கார் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, முன்சக்கரம் இரண்டும் மேலே, பின்சக்கரத்துக்குக் கட்டை சரியாக வைத்திருக்கிறான். வலது பக்க ஸ்டாண்டு மட்டும் நேராக மண்ணில் நின்றது. உடனே போன் போட்டு, அடியில் போகாதே, இறக்கு என்றேன். இறக்கினான். கால் மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பலகை இருந்தது.